மார்லிஸின் முந்நூறு கஜம்

துடைப்பக் கட்டையின் நுனியில் ஒரு காசு இருக்கிறது. அது விழக் கூடாது. மார்லிஸ் டோர்வால் தன்னுடைய முடிதிருத்தும் கடையின் தரையில் குப்புறப் படுத்து, துடைப்பத்தைத் துப்பாக்கி மாதிரி தோளில் அணைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் தொங்கும் நாட்காட்டிப் பூனையின் மூக்கைக் குறி பார்க்கிறாள். அவளைச் சுற்றிலும் காலையிலிருந்து வெட்டிய ஊர்க்காரர்களின் முடி. நாற்காலியில் அஞ்சல் நிலையத்து வெல்மா, தலை முழுக்க அலுமினியத் தாள் மடிப்புகளோடு சாயம் பிடிக்கக் காத்திருக்கிறாள். உள்ளே வருகிறவர்கள் மார்லிஸின் கால்களைத் தாண்டித்தான் வர வேண்டும். நாங்கள் தாண்டப் பழகிவிட்டோம்.

“மூச்ச பாதி விட்டு நிறுத்தணும் கண்ணு,” என்கிறாள் மார்லிஸ், யாரும் கேட்காமலே. “முழுசா விட்டா கை ஆடும். விடாம புடிச்சா நெஞ்சு ஆடும்.”

“என் தலை எரியுது மார்லிஸ்,” என்கிறாள் வெல்மா.

“கொஞ்சம் பொறு. காசு இன்னும் விழல.”

விரல் துடைப்பத்தின் கீழே இல்லாத ஒரு விசையை மெல்ல அழுத்துகிறது. காசு அசையவில்லை. பூனை செத்ததாகக் கணக்கு. மார்லிஸ் எழுந்து, மேலங்கியில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டு, வெல்மாவின் தலையை அலசப் போகிறாள். அந்தப் பூனை இந்த வருஷத்தில் மட்டும் எத்தனை தடவை செத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அறுபதைத் தாண்டியவள் மார்லிஸ். குட்டை, அகலம், நடக்கும்போது தரை கொஞ்சம் மரியாதையாக அதிரும். கழுத்தில் இரண்டு சங்கிலிகள். ஒன்றில் மூக்குக் கண்ணாடி. மற்றதில் தூரம் காட்டும் கருவி, ஒற்றைக் கண்ணில் வைத்துப் பார்த்தால் எதிரே உள்ள பொருள் எத்தனை கஜம் என்று சொல்லிவிடும். மொன்டானாவின் கிழக்குப் பக்கத்தில், புல்லையும் காற்றையும் தவிர வேறொன்றும் அதிகம் விளையாத எங்கள் ரஸ்க்வில் ஊரில், அவள் அளக்காத தூரம் கிடையாது. முதலில் தானாக ஒரு மதிப்புச் சொல்வாள், பிறகுதான் கருவியில் பார்ப்பாள். தானியக் கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, அவளிடம் சொல்லாமல் வேறு ஊருக்குப் போய் முடிவெட்டிக்கொண்டு தெரு முனையில் நழுவுகிறவர்கள், எல்லாரையும் அளந்துவிட்டாள். தேவாலயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது, பாதிரியாரையும் அளந்தாள்.

“முப்பது கஜம்கூட இல்ல,” என்று என் காதில் சொன்னாள். “இவ்வளவு கிட்ட இருந்தும் அந்த மனுஷன் சொல்றது ஒண்ணும் என்மேல படல பாரு.”

காற்றை அவள் எங்கள் தலைகளில் படிப்பாள். நான் தெருவுக்கு எதிர்ப்பக்கம் தீவனக் கடை வைத்திருப்பவன். தெருவைக் கடந்து அவள் கடைக்குள் நுழைவதற்குள் என் மிச்ச முடியைக் காற்று ஒரு வழி பண்ணிவிடும். அவள் சீப்பைக்கூட எடுக்காமல் என்னை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். “வடமேற்கு. விட்டு விட்டு அடிக்குது. இன்னிக்குக் குறிய ஒரு அடி தள்ளிப் புடிக்கணும்.” பிறகுதான் ‘உட்காரு’ என்பாள்.

அவளுக்கு வேட்டையில் ஒரே ஒரு சட்டம். புல்வெளியில் மேயும் கவைக்கொம்பு மானின் நெஞ்சுக்கூடு, நாம் விருந்தில் கேக் வைத்துத் தின்கிற காகிதத் தட்டின் அளவுதான் இருக்கும். எந்தத் தூரத்தில் அந்தத் தட்டை முதல் குண்டிலேயே, தவறாமல், கோடைக்காலம் முழுக்க அடிக்க முடிகிறதோ அதுதான் உன் தூரம். இரண்டாவது குண்டு கணக்கில் வராது. காற்றில்லாத சாயங்காலத்தில் மேசைமேல் துப்பாக்கியைச் சாய்த்து அடித்ததும் வராது. மான் மேசை போட்டுத் தராது என்பது அவள் வாதம். அதனால் காற்று மோசமாக அடிக்கிற நாளாகப் பார்த்துக் கடையைச் சாத்திவிட்டு, ஊருக்கு வெளியே உள்ள சரளைக்கல் பள்ளத்துக்குப் போவாள். கல்மேட்டில் மூச்சு இரைக்க ஏறி இறங்கி, முள்ளில் விழுந்து படுத்து, ஒரே ஒரு குண்டு. பிறகு வீட்டுக்கு. அப்படி அவளுக்கு அமைந்த தூரம் முந்நூறு கஜம். அதற்கு மேல் ஒரு கஜம் இருந்தாலும் துப்பாக்கியைத் தூக்க மாட்டாள்.

“அதுக்கு மேல போனா அது வேட்டை இல்ல கண்ணு. சீட்டுக் குலுக்கல். அதுல தோக்கறது நாம இல்ல, மானு.”

இந்தச் சட்டத்துக்கு எதிர்க்கட்சி அவள் வீட்டிலேயே இருந்தது. தங்கையின் கணவன் டுவைட். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரங்கள் விற்பவன், நல்ல உயரம், நல்ல மனசு, வாய் மட்டும் கொஞ்சம் அகலம். போன வருஷம் டுவைட் எண்ணூறு கஜம் அடிக்கும் துப்பாக்கி ஒன்று வாங்கினான். அதன் மேல் பொருத்திய தொலைநோக்கி காற்று, வெயில், மலைச்சரிவு எல்லாவற்றையும் தானே கணக்குப் போட்டு எங்கே குறி வைக்க வேண்டும் என்று காட்டிவிடும். காபி மட்டும்தான் போடாது. முதல் வாரமே டுவைட் அதை எடுத்துக்கொண்டு போய், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிந்த ஒரு மானைச் சுட்டான். மானின் பின்னங்கால் உடைந்தது. அது மூன்று காலில் ஓடிப் போய்விட்டது.

டுவைட் சாயங்காலம் வரை தேடிவிட்டு மார்லிஸின் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தான். விஷயம் தெரிந்த மார்லிஸ் அவன் தட்டை எடுத்து அலமாரிமேல் வைத்தாள். மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அவனையும் இழுத்துக்கொண்டு புல்வெளிக்கு நடந்தாள். அன்றைக்கு ஊரில் ஒரு கல்யாணம். மணப்பெண்ணின் தலையில் முந்தின நாளே ஒரு பக்கம் சுருட்டியாகிவிட்டது, மறுபக்கம் மறுநாள் காலை என்று சொல்லியிருந்தாள். அந்தப் பெண் ஒரு பக்கம் சுருளும் ஒரு பக்கம் நேருமாகத்தான் மோதிரம் மாற்றிக்கொண்டாள். புகைப்படங்களில் எல்லாம் பக்கவாட்டில்தான் நிற்கிறாள்.

அன்று பிற்பகல், ஓர் ஓடைக்கரைப் புதரில் மான் கிடைத்தது. இன்னும் உயிர் இருந்தது. மார்லிஸ்தான் முடித்து வைத்தாள். திரும்பி வரும்போது ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாளாம்.

“அந்த மானுக்கு உன் பேரே தெரியாது டுவைட். ஆனா ரெண்டு நாளா உன்ன மட்டும்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கும்.”

அதற்கப்புறம் கிறிஸ்துமஸ் வரை அவனோடு பேசவில்லை. முடி மட்டும் வெட்டிவிட்டாள். அந்த மாதங்களில் அவன் தலையைப் பார்த்தவர்கள், அவள் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டார்கள்.

டுவைட்டுக்கு வெட்கம் இருந்தது. ஆனால் வெட்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவர்கள் அதைச் சத்தமாக மாற்றிக்கொள்வார்கள். இந்தக் கோடையில் உணவுக் கடையில் உட்கார்ந்து, அது துப்பாக்கி புதுசு, கை பழகவில்லை, இப்போது இரும்புப் பலகையை அறுநூறு கஜத்தில் அடிக்கிறேன் என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தான். மார்லிஸ் காதுக்குப் போயிற்று.

“அறுநூறா? நல்லது மாப்ள. ஞாயித்துக்கெழம பள்ளத்துக்கு வா. கல்மேட்டுல ஏறி எறங்கு, முள்ளுல படு, ஒரு தட்டு, ஒரு குண்டு. நானும் வர்றேன்.”

ஊரே வந்தது. தேவாலய விருந்தில் மிஞ்சிய ஆப்பிள் பண்டங்களை எடுத்துக்கொண்டு, மடக்கு நாற்காலிகளோடு வந்தது. டுவைட் அறுநூறு கஜத்தில் தட்டை நட்டுவிட்டு, காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு குச்சியில் தன் தொப்பியை மாட்டினான். பிறகு ஓடினான். கல்மேட்டில் ஏறும்போது கம்பீரமாக இருந்தான், இறங்கும்போது இல்லை. முள்ளில் விழுந்து துப்பாக்கியை எடுத்தபோது அவன் முதுகு ரொட்டி மாவு பொங்குவதுபோலப் பொங்கி அடங்கியது. தொலைநோக்கி எல்லாவற்றையும் கணக்குப் போட்டது. அவனுக்கு மூச்சு இரைத்ததை மட்டும் அதற்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

சுட்டான். எல்லாரும் நடந்து போய்ப் பார்த்தோம். தட்டு புத்தம் புதிதாக இருந்தது. தொப்பியின் நட்டநடுவில் ஓட்டை.

“தொப்பிக்கு வலியே இருந்திருக்காது,” என்றாள் மார்லிஸ். “அந்த மட்டுக்கு நல்ல குண்டு.”

அடுத்து அவள். முந்நூறு கஜத்தில் தட்டு. அவள் ஓடுவதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். கால்கள் வேகமாக ஓடும், உடம்பு தன் சௌகரியப்படி பின்னால் வரும். படுத்தாள், நீண்ட நேரம் ஒன்றும் செய்யவில்லை, பிறகு சுட்டாள். தட்டில் விழுந்திருந்தது, ஆனால் விளிம்பை ஒட்டி. நாங்கள் கைதட்டினோம். அவள் முகத்தைச் சுளித்தாள்.

“ஓரம். எனக்கு இன்னும் வேலை இருக்கு.”

“நானூறுல ஒண்ணு வைங்க மார்லிஸ், பாக்கலாம்,” என்றார் யாரோ.

“அங்க வச்சா படாது. தெரிஞ்சுகிட்டே எதுக்குச் சுடணும்?”

“வெறும் தட்டுதானே?”

“தட்டுக்கு ஒண்ணும் ஆகாது. எனக்குத்தான் பழக்கம் கெட்டுப்போகும்,” என்று துப்பாக்கியை உறையில் போட்டு மூடினாள்.

அக்டோபரில் அவளுக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். வடக்கே ஹால்வர்சனின் மேய்ச்சல் நிலம் இருக்கும் பகுதியில் ஆண் மான் சுட அனுமதி, குலுக்கலில்தான் கிடைக்கும். பல வருஷமாக எழுதிப் போட்டுக் கிடைக்காதது இந்த வருஷம் அவள் பேருக்கு விழுந்தது. டுவைட்டும் நானும் கூடப் போனோம். டுவைட் ஓட்டைத் தொப்பியையே போட்டுக்கொண்டு வந்தான்; அதைப் போட்டுக்கொண்டால் யாரும் கேலி செய்ய முடியாது என்று கண்டுபிடித்திருந்தான்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் மான் கிடைத்தது. அப்படி ஒரு ஆண் மானை நான் பார்த்ததில்லை. கறுத்த முகம், கவட்டையாகப் பிரிந்த உயரமான கொம்புகள், பின்பக்கம் வெள்ளை வெளேரென்று. ஒரு தாழ்ந்த மேட்டுக்கு முன்னால் தனியாக நின்று மேய்ந்தது. மார்லிஸ் கருவியை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“நானூத்தம்பது.”

“என் துப்பாக்கியில சுடுங்க,” என்றான் டுவைட். “எண்ணூறு போகும் இது.”

“துப்பாக்கி போகும். நான் போகமாட்டேன். சுடப்போறது நான்தானே?”

படுத்து ஊர்ந்து போக ஆரம்பித்தாள். தரையெல்லாம் குட்டைச் சப்பாத்திக் கள்ளி. ஒவ்வொரு கள்ளிக்கும் ஒரு முனகல் கேட்டது. நாங்கள் இருவரும் ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பாதி தூரம்கூடப் போகவில்லை, பள்ளத்திலிருந்து ஹால்வர்சனின் கிடேரிகள் வந்துவிட்டன. கறுப்பு, இளசு, உலகத்தில் எதைப் பார்த்தாலும் அதிசயப்படுகிற வயசு. தரையில் ஊர்ந்து போகிற ஒரு மனுஷியை அவை அதுவரை பார்த்ததில்லை. நக்குவதற்கு உப்புக்கட்டி கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தனவோ என்னவோ, ஒன்றன்பின் ஒன்றாக அவள் பின்னால் வரிசை கட்டின. அவள் நின்றால் நின்றன. ஊர்ந்தால் நடந்தன.

“போங்கடி. வீட்டுக்குப் போங்கடி,” என்று அவள் அடிக்குரலில் விரட்டுவது காற்றில் எங்கள் வரைக்கும் வந்தது. டுவைட் கையுறையைக் கடித்துக்கொண்டு அழுதான். சிரிப்பில்தான்.

ஆனால் மான் ஓடவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் தினமும் பார்க்கிற மாடுகள். மாட்டுக்கூட்டத்துக்கு நடுவே முடிதிருத்துகிறவள் வருகிறாள் என்று அது எப்படிச் சந்தேகப்படும்? முந்நூறுக்குள் போனாள். அதற்கும் கிட்டே போனாள். மாடுகள் அவளுக்குப் பின்னாலும் பக்கத்திலும்தான் நின்றன. மான் பக்கவாட்டில், நெஞ்சு முழுசாகத் தெரிய, நின்றது. பின்னால் மண்மேடு. வேறு எதுவும் குறுக்கே இல்லை. துப்பாக்கி தோளுக்குப் போயிற்று.

நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். சத்தம் வரவில்லை. வரவே இல்லை. தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தால், ஒரு கிடேரி குனிந்து அவள் காதை நக்கிக்கொண்டிருக்கிறது. ஆற அமர, ஒரு வேலையாக. மார்லிஸ் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். பிறகு துப்பாக்கியைத் திறந்து, குண்டை வெளியே எடுத்து, பைக்குள் போட்டுக்கொண்டு, எழுந்து நின்றாள். மான் காற்றாகப் பறந்துவிட்டது.

அவள் திரும்பி வந்தபோது ஒரு பக்கத்து முடி எச்சிலில் சுவர்மாதிரி நிமிர்ந்து நின்றது. முழங்கால் முழுக்க முள்.

“என்னாச்சு? நெஞ்ச காட்டிக்கிட்டு நின்னுச்சே,” என்றான் டுவைட்.

“காதுல நாக்கு.”

“அதுக்கு?”

“மாடு காத நக்கும்போது சுட்டுப் பழகல நான்.”

“அதுக்கெல்லாமா பழகுவாங்க?”

“பழகல. அதனாலதான் சுடல,” என்று அவனிடம் முழங்காலை நீட்டினாள். “முள்ள எடு.”

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. உணவுக் கடைக்குள் அவள் நுழைந்தால் மூலையிலிருந்து யாராவது மாடு மாதிரி ‘ம்மா’ என்பார்கள். வெல்மா கடிதம் கொடுக்கும்போதுகூட ‘ம்மா’ என்றாள். மார்லிஸ் கண்டுகொள்ளவில்லை. தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன், கணவன் ஆர்விலை ஒரு வாளித் தண்ணீரோடும், பாத்திரம் கழுவுகிற பஞ்சோடும் பள்ளத்துக்கு அழைத்துப் போனாள். அவள் படுத்துக் குறி பார்ப்பாள். ஆர்வில் பக்கத்தில் மண்டியிட்டு ஈரப் பஞ்சை அவள் காதில் தேய்க்க வேண்டும். எப்போது என்று சொல்லக் கூடாது.

ஆர்வில் ஓய்வுபெற்ற ரயில்காரர், அதிகம் பேசாதவர். என் கடைக்கு வந்து ஒரு தடவை தனியாகச் சொன்னார்: “எல்லாம் பாத்தாச்சு, எல்லாத்துக்கும் சரின்னு சொல்லியாச்சு. நேத்து, பஞ்சு போதாது, மூச்சும் விடணும், மாடு மாதிரி விடணும்னு சொன்னா. விட்டேன். ‘நீ விடறது ஆடு மாதிரி இருக்கு’ன்னுட்டா.”

முதல் நாள் பஞ்சு பட்டதும் குண்டு சரளையில் போய் விழுந்தது. இரண்டாம் நாளும். அவள் வாதாடவில்லை, தட்டைப் பிடுங்கி இருநூறு கஜத்துக்குக் கொண்டுவந்து நட்டாள். ஆர்விலுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டபோது டுவைட் தானாக வந்து வாளியை வாங்கிக்கொண்டான். அவன் விட்ட மூச்சு அசல் மாடு என்று மார்லிஸ் நற்சான்று கொடுத்தாள். அங்கே வாளியோடு மண்டியிட்டிருந்த நாட்களில்தான் அவன் தன் துப்பாக்கிக்கும் ஒரு தட்டு நட்டுப் பார்த்திருக்கிறான். தன் தூரம் எவ்வளவு என்று எங்களிடம் சொல்லவில்லை. எண்ணூறு என்ற பேச்சு மட்டும் அதன்பின் ஊரில் கேட்கவில்லை.

வேட்டைக்காலம் முடிகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை, மறுபடியும் போனோம். அவள் சட்டத்தில் ஒரு திருத்தம் சேர்ந்திருந்தது. “மாடு இல்லாட்டி முந்நூறு. மாடு இருந்தா இருநூறு,” என்று வண்டியில் வரும்போதே அறிவித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. அது எங்களுக்கும் நியாயமாகத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

அதே மான், அதே மேட்டோரம், கூட நான்கைந்து பெண்மான்கள். மாடுகளும் வந்தன, அவளை அடையாளம் தெரிந்துகொண்டு, கொஞ்சம் ஓட்டமாகவே வந்தன. அவள் ஊர்ந்தாள். முந்நூறு, இருநூற்றைம்பது. டுவைட் மூச்சைப் பிடித்துக்கொண்டு கருவியில் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தான். “இருநூத்துமுப்பது. சுடமாட்டாங்க. இன்னும் போவாங்க பாரு.” போனாள். ஒரு பெண்மான் ஆண் மானுக்குப் பின்னால் வந்து நின்றது; குண்டு ஊடுருவிப் போனால் அதன்மேலும் படும். அவள் காத்திருந்தாள். அது விலகியது. ஒரு கிடேரி குறுக்கே வந்தது. காத்திருந்தாள். அதுவும் விலகியது. இன்னொன்று குனிந்து காதில் ஊதியது, நக்கியது. அவள் தோள் அசையவில்லை.

ஒரே சத்தம். மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு நாலு பக்கமும் சிதறின. மான் பத்துப் பன்னிரண்டு அடி ஓடியது, நின்றது, களைத்தவர்கள் உட்காருவதுபோல உட்கார்ந்தது, சாய்ந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் அதன் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். காதிலிருந்து எச்சில் சொட்டிக்கொண்டிருந்தது. டுவைட் தொப்பியைக் கழற்றினான், பிறகு கத்தியை எடுத்துப் பிரித்தான்.

“கொஞ்சம் இரு,” என்றாள் மார்லிஸ்.

மானின் கழுத்து மயிர் விழுந்த வேகத்தில் கலைந்து, புல்லும் தூசியுமாக, காற்றுக்கு எதிராக நின்றது. அவள் மேலங்கிப் பையிலிருந்து சீப்பை எடுத்தாள். காதுக்குப் பின்னாலிருந்து தோள்வரை, மயிர் போகிற போக்கிலேயே, மெதுவாகச் சீவி விட்டாள்.